500 மைலைத் தாண்டாத இ-மெயில்: மெயில் சர்வர் செட்டிங்கை எழுதி வைக்காவிட்டால் என்ன நடக்கும்?

அமெரிக்காவின் நார்த் கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகம். 1990களின் நடுப்பகுதி. அங்கு மெயில் சர்வர்களைக் கவனித்துவந்த ட்ரே ஹாரிஸுக்கு புள்ளியியல் துறைத் தலைவரிடமிருந்து ஒரு போன் வருகிறது. தங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு மேல் இ-மெயில் போகவில்லை என்பதுதான் புகார். அதாவது, சுமார் 800 கிலோமீட்டர்.

மெயில் போகவே இல்லை என்றால் யாருக்கும் புரியும். பக்கத்து ஊருக்குப் போகுது, தூரத்து ஊருக்குப் போகலை என்றால் எப்படி? நடுவழியில் டீசல் தீர்ந்து நிற்பதற்கு இ-மெயில் என்ன பஸ்ஸா?

ஆனால் புகார் சொன்னவர்கள் புள்ளியியல்காரர்கள். சில நாள் தகவல் திரட்டி, வரைபடமே போட்டு வைத்திருந்தார்கள். ஹாரிஸும் அந்த சர்வரில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். அட்லாண்டா போனது. வாஷிங்டன் போனது. சுமார் 400 மைல் தூரத்தில் உள்ள பிரின்ஸ்டனுக்கும் போனது. 600 மைல் தள்ளியிருக்கும் மெம்பிஸ் போகவில்லை. பாஸ்டன், டெட்ராய்ட் இரண்டும் போகவில்லை. நியூயார்க் போனது, அதைத் தாண்டி இருக்கும் பிராவிடன்ஸ் போகவில்லை. புகார் உண்மை!

என்ன நடந்தது?

வெளியிலிருந்து வந்த ஒரு ஆலோசகர் அந்த சர்வரை அப்டேட் செய்துவிட்டுப் போயிருந்தார். 'மெயில் பக்கம் நான் கையே வைக்கலை' என்பதுதான் அவருடைய பதில். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்தபோது, அதோடு சேர்ந்து வந்த சென்ட்மெயில் 5 என்ற பழைய மென்பொருள், ஏற்கெனவே இருந்த சென்ட்மெயில் 8-ன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. செட்டிங் ஃபைல் மட்டும் 8-க்காக எழுதியதாகவே இருந்தது. புதிய ஃபைலில் இருந்த நீளமான பெயர்களைப் பழைய மென்பொருளால் படிக்க முடியவில்லை. புரியாத வரியை எல்லாம் தள்ளிவிட்டு, பல செட்டிங்குகளை பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டது.

அதில் ஒன்று, எதிர்முனை சர்வர் பதில் சொல்லும்வரை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்கிற செட்டிங். பூஜ்ஜியம் என்றால், நடைமுறையில் அந்த மெஷினில் 3 மில்லி விநாடிக்குச் சற்றே அதிகம். ஒளி 3 மில்லி விநாடியில் போகும் தூரம் சுமார் 558 மைல். அதற்கு அப்பால் இருக்கும் சர்வரின் பதில் வருவதற்குள் இந்த சர்வர் போனை வைத்துவிட்டது.

இந்தக் கதையை 2002-ல் எழுதிய ஹாரிஸ், சுவைக்காகச் சில விவரங்களை லேசாக மாற்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் உலகம் முழுக்க சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இதில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஃபைலைத் திறந்தாலே எந்த செட்டிங் எதற்கு என்று புரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளமான பெயர்களை அவர் பயன்படுத்தியிருந்தார். குறிப்பு எழுதும் வேலை ஒழுங்காகவே நடந்திருந்தது. இந்த ஃபைல் எந்த வெர்ஷனுக்கானது, அப்டேட் செய்தால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்ற தகவல் மட்டும் அப்டேட் செய்தவர் கையில் இல்லை.

இது 30 வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கதைதானே என்று விட்டுவிட முடியாது. சொந்த டொமைன் பெயரில் மெயில் வைத்திருக்கும் கம்பெனி, பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

மெயில் எந்த வழியாகப் போகிறது?

போனில் 'சென்ட்' தட்டியதும் மெயில் நேராக எதிராளியிடம் போய்விடுவதில்லை. முதலில் உங்கள் கம்பெனியின் மெயில் சர்வருக்குப் போகும். யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்டு வாங்கிக்கொள்ளும் அந்த வாசலுக்கு 587 அல்லது 465 என்று எண். அந்த சர்வர், பெறுபவரின் டொமைனுக்கான எம்எக்ஸ் ரெக்கார்டைத் தேடும். 'இந்த டொமைனுக்கு வரும் மெயிலை இந்த சர்வரிடம் கொடுக்கவும்' என்று சொல்லும் வரிதான் எம்எக்ஸ். பிறகு 25 என்ற வாசல் வழியாக அந்த சர்வரிடம் மெயிலை ஒப்படைக்கும். எதிர்முனையில் இருப்பவர் தன் போனில் 993 வழியாக அதை எடுத்துப் படிப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது, மெயில் முகவரி வேறு, மெயில் சர்வர் வேறு. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது நினைவிருக்கலாம். முகவரியின் கடைசியில் இருக்கும் அரசு டொமைன் அப்படியே இருந்தது. பின்னால் இருந்த ஏற்பாடுதான் மாறியது.

ஆக, ஒரு கம்பெனியின் மெயில் செட்டிங் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சர்வருக்குள் கொஞ்சம். டிஎன்எஸ் என்ற பொதுப் பதிவேட்டில் கொஞ்சம். டொமைனை வாங்கிய கணக்கில் கொஞ்சம். இந்த மூன்றையும் மூன்று வேறு ஆட்கள், மூன்று வேறு வருஷங்களில் செய்திருப்பார்கள். சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது.

ஸ்பேமுக்குப் போவது ஏன்?

மெயிலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி என்ற விதிமுறை 1982-ல் எழுதப்பட்டது. அன்று இணையத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பினார்கள். அதனால் அனுப்புநர் உண்மையிலேயே அவர்தானா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. தபால் உறையில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதே கதைதான்.

இந்த ஓட்டையை அடைக்கப் பிறகு வந்தவை மூன்று. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்.

எஸ்பிஎஃப் என்பது, எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பும் உரிமை இந்த சர்வர்களுக்குத்தான் என்று சொல்லும் பட்டியல். கல்யாண வீட்டு வாசலில் செக்யூரிட்டி கையில் இருக்கும் பெயர் லிஸ்ட் மாதிரி. டிகிம் என்பது மெயிலின் மேல் வைக்கும் முத்திரை. வழியில் யாராவது உள்ளே திருத்தியிருந்தால் முத்திரை பொருந்தாது. டிமார்க் என்பது, இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்யலாம் என்று டொமைனின் சொந்தக்காரர் கொடுக்கும் உத்தரவு. 'ஒன்றும் செய்ய வேண்டாம், எனக்குத் தகவல் மட்டும் அனுப்பு', 'ஸ்பேமில் போடு', 'வாங்கவே வாங்காதே' என மூன்று நிலைகள் உண்டு.

முன்பெல்லாம் இவை இல்லாமலும் காலம் ஓடியது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் கறாராகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். ஸ்பேம் புகார் விகிதமும் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதற்குக் குறைவாக அனுப்புபவர்களுக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. 'நேத்து வரைக்கும் போச்சு, இன்னைக்குப் போகலை' என்று பல அலுவலகங்களில் எழும் குரலுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கற்பனைக் கம்பெனி

உதாரணத்துக்கு, திருப்பூரில் 30 பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஊழியர்களின் மெயில் சொந்த சர்வரில். இன்வாய்ஸ்களை ஒரு பில்லிங் மென்பொருள் தானாக அனுப்புகிறது. வெப்சைட்டில் யாராவது விசாரணைப் படிவம் நிரப்பினால் அதிலிருந்தும் ஒரு மெயில் கிளம்பும். மூன்று இடத்திலிருந்தும் மெயில் போவது கம்பெனியின் ஒரே டொமைன் பெயரில்.

இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த பையன் நல்ல வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டான். அவன்மேல் தப்பு சொல்ல முடியாது. எழுதிக் கொடு என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து பில்லிங் மென்பொருளை மாற்றுகிறார்கள். புதிய மென்பொருள்காரர், இந்த எஸ்பிஎஃப் வரியை உங்கள் டிஎன்எஸ்ஸில் போடுங்கள் என்று ஒரு வரி அனுப்புகிறார். ஏற்கெனவே ஒரு வரி இருப்பது யாருக்கும் தெரியாது. இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு இருந்தால் சோதனை செய்யும் சர்வர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு 'பிழை' என்று எழுதிக்கொள்ளும். புதிய இன்வாய்ஸ் மட்டுமில்லாமல், அதுவரை ஒழுங்காகப் போன பழைய மெயில்களும் சேர்ந்து ஸ்பேமில் விழத் தொடங்கும்.

சரி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாமே? சேர்க்கலாம். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு எஸ்பிஎஃப் வரியைச் சரிபார்க்க 10 முறைக்கு மேல் டிஎன்எஸ்ஸைத் தேட வைக்கக் கூடாது. எப்போதோ பயன்படுத்தி நிறுத்திவிட்ட மார்க்கெட்டிங் சேவை, பழைய பில்லிங் கம்பெனி எல்லாம் அந்த வரியில் இன்னும் குடியிருந்தால் 10 எளிதாகத் தாண்டிவிடும். எதை எடுக்கலாம்? எது எதற்காகப் போட்டது என்ற குறிப்பு இல்லையென்றால், எதை எடுத்தாலும் பயம்தான். அதனால் யாரும் எதையும் எடுப்பதில்லை.

இதற்கிடையே, பணம் பறிக்கும் கும்பல் ஒன்று அதே கம்பெனியின் பெயரில் ஜெர்மனிக்கு ஒரு மெயில் அனுப்புகிறது என்று வையுங்கள். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்.' டிமார்க்கில் 'வாங்காதே' என்று போட்டிருந்தால், டொமைனைத் திருடி எழுதிய இந்த மெயிலை எதிர்முனை சர்வரே திருப்பி அனுப்பியிருக்கும். ஆனால் சொந்த மெயிலே சோதனையில் தேறாத நிலையில் 'வாங்காதே' என்று எப்படிப் போடுவது? போட்டால் சொந்த இன்வாய்ஸும் சேர்ந்து திரும்பும். அதனால்தான் பல இடங்களில் டிமார்க் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' நிலையிலேயே வருஷக்கணக்கில் கிடக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு எழுத்து மட்டும் மாற்றி வேறு டொமைன் வாங்கி ஏமாற்றுபவர்களை டிமார்க் தடுக்காது. வங்கிக் கணக்கு மாற்றம் என்று மெயில் வந்தால், பழைய போன் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்பது ஒன்றுதான் வழி. பணம் போய்விட்டால் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைக்கலாம்.

சாவியை மாற்ற மறந்த கூகுள்

சின்னக் கம்பெனிகளுக்குத்தான் இந்த நிலை என்று நினைக்க வேண்டாம். 2011-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஸக்கரி ஹாரிஸுக்கு கூகுளிலிருந்து வேலை தொடர்பாக ஒரு மெயில் வந்தது. உண்மைதானா என்ற சந்தேகத்தில் அதன் டிகிம் முத்திரையைப் பார்த்தார். அதன் சாவி 512 பிட் நீளம் மட்டுமே. குறைந்தது 1,024 பிட் வேண்டும் என்பது அன்றைய பரிந்துரை. கூகுள் இவ்வளவு பலவீனமான சாவி வைத்திருக்காது, இது தன்னைச் சோதிக்கும் புதிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்ட அவர், அமேசான் கிளவுடில் சுமார் 75 டாலர் செலவழித்து மூன்று நாளில் சாவியை உடைத்துவிட்டார். பிறகு கூகுளின் ஒரு நிறுவனர் பெயரில் இன்னொரு நிறுவனருக்கே மெயில் அனுப்பினார்.

பதில் ஏதும் வரவில்லை. ஆனால் இரண்டு நாளில் கூகுளின் சாவி 2,048 பிட்டாக மாறியிருந்தது. புதிரும் இல்லை, ஒன்றும் இல்லை. எப்போதோ வைத்த சாவி அப்படியே இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் நோட்டில் என்ன எழுத வேண்டும்?

செட்டிங்குகளின் பட்டியலை எழுதுவதுதான் குறிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பட்டியல் சர்வரிலேயே இருக்கிறது. 1998-ல் வெளிவந்து இன்றும் ஏராளமான லினக்ஸ் சர்வர்களில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸை எடுத்துக்கொண்டால், 'போஸ்ட்கான்ஃப் மைனஸ் என்' என்று ஒரு கட்டளை தட்டினால் போதும். செட்டிங் ஃபைலில் நீங்களாக எழுதி வைத்த செட்டிங்குகளை மட்டும் அதுவே வரிசையாகக் காட்டிவிடும். அதைத் தேதி போட்டு சேமித்து வைப்பது நல்ல தொடக்கம். ஆனால் ஏன் மாற்றினோம் என்பதை எந்தக் கட்டளையாலும் காட்ட முடியாது. நோட்டு தேவைப்படுவது அந்த 'ஏன்'-க்காக.

அட்டாச்மென்ட் அளவை உதாரணமாகப் பார்ப்போம். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலுக்கு அனுமதிக்கும் அளவு, யாரும் மாற்றாதவரை 1,02,40,000 பைட். கிட்டத்தட்ட 10 எம்பி. ஆனால் 8 எம்பி பிடிஎஃப் அனுப்பினாலே 'பெரிதாக இருக்கிறது' என்று திரும்பி வரும். காரணம், மெயிலில் ஃபைல்கள் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்பட்டுத்தான் போகும். 3 பைட் 4 எழுத்தாகிவிடும். 8 எம்பி, 11 எம்பி ஆகிறது. இதை ஒருவர் கண்டுபிடித்துச் சரிசெய்கிறார் என்றால், நோட்டில் இப்படி எழுதலாம்:

"மார்ச் 12. மெயில் அளவு வரம்பு 3,14,57,280 ஆக உயர்த்தப்பட்டது. முன்பு 1,02,40,000. காரணம்: டிசைன் பிரிவு அனுப்பும் 20 எம்பி ஃபைல், வழியில் 28 எம்பிக்கு மேல் ஆகிவிடுகிறது. 20 என்று குறைக்க வேண்டாம். சோதனை: 20 எம்பி ஃபைல் ஒன்றை வெளி முகவரிக்கு அனுப்பிப் பார்த்தோம், போனது."

நாலு வரி. அடுத்து வருபவர், யாரோ தெரியாமல் 30 எம்பி என்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் குறைக்காமல் இருக்க இது போதும். எப்போது, முன்பு என்ன இருந்தது, ஏன், எப்படிச் சோதித்தோம் என்ற நாலும் அதில் இருக்கிறது. மாற்றியவர் பெயரையும் சேர்த்தால் ஐந்து.

செட்டிங் ஃபைலுக்குள்ளேயே குறிப்பு எழுதலாமா? எழுதலாம், ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் ஃபைலில் ஹாஷ் குறி போட்டுத் தொடங்கும் தனி வரியைத்தான் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு செட்டிங்கை எழுதி, அதே வரியின் கடைசியில் ஹாஷ் போட்டு 'தற்காலிகம்' என்று எழுதினால், 'தற்காலிகம்' என்ற சொல்லும் செட்டிங்கோடு ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணத்தில் எழுதிய குறிப்பே சர்வரைக் குழப்பிவிடும். அதேபோல ஒரே செட்டிங்கை ஃபைலில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் கடைசியில் இருப்பதுதான் செல்லும். மேலே இருப்பதைத் திருத்திவிட்டு 'மாத்திட்டேன், ஆனா மாறலை' என்று மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறைய.

டிஎன்எஸ் ஃபைலில் இன்னும் நுட்பமான ஒரு பள்ளம். சர்வரின் முழுப் பெயரை எழுதினால் கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். விட்டுவிட்டால், பெயர் இன்னும் முடியவில்லை என்று எண்ணி டொமைன் பெயரை இன்னொரு முறை பின்னால் ஒட்டிவிடும். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எது மெய், எது உயிர்மெய் என்று பதிப்பாசிரியர்கள் இடம் பார்த்து ஊகித்துத்தான் படித்தார்கள். மனிதர் ஊகிப்பார், சர்வர் ஊகிக்காது.

சர்வருக்கு வெளியே இருக்கும் விஷயங்கள்

குறிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

பல கிளவுட் நிறுவனங்கள், புதிதாக எடுக்கும் சர்வரில் மெயில் வெளியே போகும் 25-ம் வாசலை அடைத்தே கொடுக்கும். ஸ்பேம் அனுப்புபவர்களைத் தடுக்க இந்த ஏற்பாடு. கேட்டு அனுமதி வாங்கினால் திறப்பார்கள். எப்போது கேட்டோம், என்ன காரணம் சொன்னோம் என்று எழுதி வைக்காவிட்டால், சர்வர் மாற்றும் அன்று எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மெயில்கூட வெளியே போகாது. ஐபி எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் ரெக்கார்டும் அப்படித்தான். அது பொதுவாக உங்கள் டிஎன்எஸ்ஸில் இருக்காது. ஐபி எண்ணைக் கொடுத்த நிறுவனத்திடம் இருக்கும். தேடுபவர் தப்பான இடத்தில் தேடிக்கொண்டே இருப்பார்.

சான்றிதழ் இன்னொன்று. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச சேவை வழங்கும் சான்றிதழ்களின் வழக்கமான ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும்படி வைத்துவிடலாம். ஆனால் புதிய சான்றிதழ் வந்த பிறகு மெயில் மென்பொருளை ஒருமுறை ரீலோட் செய்யவில்லை என்றால், அது பழையதையே கையில் வைத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் எல்லோர் போனிலும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை வரும்.

எல்லாவற்றையும்விட மோசமானது டொமைன் கணக்கு. டொமைனை வாங்கிய தளத்தில் கொடுத்த தொடர்பு மெயில் முகவரி, அதே டொமைனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆபத்து. டொமைன் காலாவதியானால் அந்த மெயில் வேலை செய்யாது. புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டலும் வராது. பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மீட்கும் லிங்க்கும் அந்தச் செத்துப்போன மெயிலுக்குத்தான் போகும். பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதைதான். இதைத் தவிர்க்க, வேறு டொமைனில் உள்ள முகவரியும், நிர்வாகி ஒருவரின் போன் எண்ணும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

இதே காரணத்தால், குறிப்பு நோட்டை அந்த சர்வரிலேயே வைப்பதும் கூடாது. சர்வர் படுத்தால் நோட்டும் சேர்ந்து படுத்துவிடும். வெளியே ஒரு பிரதி, முடிந்தால் அச்சடித்த காகிதத்தில் ஒன்று. பாஸ்வேர்டுகளை மட்டும் நோட்டில் எழுதக் கூடாது. அவை பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கட்டும். எந்த பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது, அதைத் திறக்க அதிகாரம் யாருக்கு என்பது நோட்டில் போதும்.

லாக் எத்தனை நாள்?

யார் எப்போது யாருக்கு மெயில் அனுப்பினார், எதிர்முனை என்ன பதில் சொன்னது என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவேடுதான் லாக். இந்தியாவில் சைபர் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் பல லினக்ஸ் சர்வர்கள் மெயில் லாக்கை 4 வாரத்துக்கு மேல் வைத்திருக்காது, பழையதைத் தானாக அழித்துவிடும். யாராவது மாற்றி வைத்தால்தான் உண்டு. மாற்றியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்வதற்கும் நோட்டைத்தான் புரட்ட வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம்?

பனியன் கம்பெனிக்குத் திரும்புவோம். முதல் வேலை, கம்பெனி பெயரில் மெயில் அனுப்பும் இடங்களை எல்லாம் கண்டுபிடிப்பது. டிமார்க்கை 'தகவல் மட்டும் அனுப்பு' என்ற நிலையில் வைத்து, அறிக்கை வர ஒரு முகவரி கொடுத்தால் போதும். கூகுள் போன்ற நிறுவனங்களிடமிருந்து தினமும் அறிக்கை வரும். எந்த ஐபியிலிருந்து எத்தனை மெயில் போனது, எத்தனை தேறியது என்று அதில் இருக்கும். சில வாரம் பார்த்தால் பில்லிங் மென்பொருள், வெப்சைட், மறந்தே போன பழைய பிரின்டர் எல்லாம் வரிசையாகத் தலைகாட்டும். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, எஸ்பிஎஃப்பிலும் டிகிமிலும் சரிசெய்த பிறகு ஒவ்வொரு படியாக 'ஸ்பேமில் போடு', 'வாங்காதே' என்று இறுக்கலாம். அவசரப்பட்டு முதல் நாளே 'வாங்காதே' போட்டால் அடுத்த நாள் சம்பள ஸ்லிப்பே போய்ச் சேராமல் போகலாம்.

நோட்டு உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. அதை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, காலியான ஒரு சோதனை சர்வரில் எல்லாவற்றையும் அமைக்கச் சொல்ல வேண்டும். எழுதியவர் பக்கத்திலேயே உட்காரலாம், வாய் மட்டும் திறக்கக் கூடாது. இவர் எந்த இடத்தில் நின்று முழிக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அங்கே விடுபட்ட வரியை எழுத வேண்டும்.

சர்வர் எல்லாம் நம்ம வேலை இல்லை என்பவர்களும் ஒன்று செய்து பார்க்கலாம். உங்கள் அலுவலக மெயிலிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டர் பிரவுசரில் அதைத் திறந்து, வலது பக்க மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்துங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் 'ஃபெயில்' என்று இருந்தாலோ, மூன்றில் ஒன்று காணவே காணோம் என்றாலோ, அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவருக்கு அனுப்பலாம். ஜிமெயிலின் மொபைல் ஆப்பில் இந்த வசதி இல்லை.